பச்சைப் புள்ளிக்காக நிற்கும் வண்டி

எங்கள் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் சக்கரப் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் தம்பிகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். விருப்ப ஓய்வில் வெளியே வந்த என்னையும் அதில் விட்டு வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒருவர் கேட்டார்: “மாதண்ணா, தேஞ்சு போன முன் டயரை நீங்களே ஊட்டுல வெச்சு மாத்துனீங்களாமே. எப்பிடின்னு ஒரு பக்கம் எழுதிப் போடுங்க.” அதற்குக் கீழேயே இன்னொருவர், “மாத்துன வண்டிய ஏன் இன்னும் ஓட்டாம நிறுத்தி வெச்சிருக்கீங்கன்னும் சேத்து எழுதுங்கண்ணா” என்று போட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் வைத்திருந்தார்.

முதல் கேள்விக்கு ஒரு பக்கம் போதும். இரண்டாவது கேள்விக்குப் போதாது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் சாமல்பட்டிக்காரன். ஐ.டி.ஐ. முடித்து ஓசூருக்கு வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துடைத்தேன், எடுத்துக் கொடுத்தேன், மறுபடியும் துடைத்தேன். நிரந்தரமானதும் நீலச் சட்டை கொடுத்து, சக்கரப் பிரிவின் மூலையில் இருந்த ரீ-ஒர்க் பெஞ்சுக்கு அனுப்பினார்கள். வேலையில் இருந்த காலம் முழுக்க அந்தப் பெஞ்சில்தான் நின்றேன்.

லைனில் இயந்திரம்தான் ரிம்மில் டயரை ஏற்றும். ஏற்றியதில் ஏதாவது பிசகு இருந்தால், ட்யூப் மடங்கியிருந்தால், வால்வு சாய்ந்திருந்தால், அந்தச் சக்கரம் எங்கள் பெஞ்சுக்கு வரும். நாங்கள் கையால் கழற்றி, கையால் மாட்டுவோம். அதனால் பெஞ்சில் எப்போதும் இரண்டு பேர்.

பெஞ்சுக்கு ஒரு சட்டம் உண்டு. மாட்டியவன் தன் சக்கரத்தைத் தானே சோதிக்கக் கூடாது. எதிரே நிற்பவன்தான் சோதிக்க வேண்டும். சரியாக இருந்தால் சோதித்தவன் வால்வுக்குப் பக்கத்தில், ரிம்மின் மேல், தன் நிறத்தில் ஒரு சிறிய பெயின்ட் புள்ளி வைப்பான். புள்ளி இல்லாத சக்கரம் பெஞ்சை விட்டு இறங்காது. என் நிறம் வெள்ளை.

இந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தவர் எங்கள் சூப்பர்வைசர் ரங்கநாதன் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. சக்கரத்தின் நடுவில் ஆக்சிலைச் செருகி, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் நிற்பவனைச் சுற்றிவிடச் சொல்வார். ஆட்டம் கைக்குத் தெரியட்டும் என்று கண்ணை மூடிக்கொள்வார். சக்கரம் நின்ற பிறகுதான் கண்ணைத் திறப்பார். பிடிக்கவில்லை என்றால், சக்கரத்தை மாட்டியவன் காலடியில், குழந்தையை இறக்கி விடுவது போல, மெதுவாக வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டு வாங்குவதே மேல் என்று தோன்றும்.

ஒருமுறை நான் கேட்டேன். “சார், மாட்டுனவனுக்குத்தானே எங்க தப்பு இருக்கும்னு தெரியும். அவனே பாத்துட்டா என்ன?”

“ஒன் கை ஒனக்கு ஏத்தாப்புலதான்டே பேசும். எதுக்க நிக்கவன் கைகிட்ட கேளு, அது சொல்லும்” என்றார்.

அப்படி எனக்கு எதிரே நின்றவன் நாகராஜு. ஒப்பந்தத் தொழிலாளி, அதனால் சாம்பல் நிறச் சட்டை. என்னைவிட வயதில் சிறியவன். ஊர் ஜூஜுவாடி. “நம்மூர்ல ஒரு கால் தமிழ்நாட்டுல, ஒரு கால் கர்நாடகால. ஊட்டுல தெலுங்கு. மூணு பாஷையிலயும் தேடியாச்சு மாதண்ணா, ஒண்ணுலயும் பொண்ணு கெடைக்கல” என்பான்.

பெண் கிடைக்கவில்லை என்பது முழு உண்மை அல்ல. அத்திப்பள்ளியில் ஒரு வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணுக்கும் இவனைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா மட்டும், சட்டை நீலமாகட்டும், பிறகு தேதி குறிக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஓசூரில் அப்போது அது ஒரு வழக்கு. நிலம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் ‘பர்மனென்ட்டா?’ என்று கேட்பார்கள். நாகராஜு நிரந்தரமானவர்களின் பட்டியல் ஒவ்வொன்று வரும்போதும் நோட்டீஸ் போர்டு முன்னால் போய் நிற்பான். திரும்பி வந்து, டயரை நெம்பும் லீவரை எடுப்பான்.

நாங்கள் வேலை செய்யும்போது அதிகம் பேசுவதில்லை. ஒருவன் டயரின் கடைசி விளிம்பை ரிம்முக்குள் தள்ளும்போது மற்றவன் எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். விளிம்பு உள்ளே இறங்கியதும் பிடித்திருப்பவன், “ஆய்த்தா?” என்று கேட்பான். முடிந்ததா என்பதற்குக் கன்னடம். தள்ளியவன், “ஆய்த்து” என்பான். அப்போதுதான் பிடியை விட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை அந்த இரண்டு சொற்கள். எனக்குத் தெரிந்த கன்னடம் பெரும்பாலும் அவ்வளவுதான். அவன் நிறம் பச்சை.

அந்தக் காலத்தில் ஒரு நாளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

புதிதாக ஒரு கம்பெனியின் முன் டயர்கள் வந்து இறங்கியிருந்தன. டயரின் பக்கவாட்டில் எடை குறைந்த இடத்தைக் காட்ட ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். அதை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுவது முறை. அந்தப் புள்ளி டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியும் டயரில் உண்டு. பழைய டயரில் மஞ்சள் புள்ளி மேலே தெரியும்படி வைத்தால் அம்பும் தானாகச் சரியாக அமைந்துவிடும். அதனால் லைனில் அம்பைப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. மஞ்சளைப் பார், வால்வைப் பார், ஏற்று. புதிய டயரில் மஞ்சள் மறுபக்கம் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. எல்லாப் புள்ளிகளும் வால்வுக்கு நேராக அழகாக நின்றன. எல்லா அம்புகளும் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

முன் டயரைத் திருப்பி மாட்டினால், மழையில் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பள்ளங்கள் அதை நடுவே இழுக்கும். ரங்கநாதன் சார்தான் கண்டுபிடித்தார். லைன் கடைசியில் நின்ற ஒரு வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, டயரின் மேல் விரலை வைத்து ஒரு கோடு இழுத்தார். எழுந்தார். லைனை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

தள்ளுவண்டி தள்ளுவண்டியாகச் சக்கரங்கள் எங்கள் பெஞ்சுக்கு வந்தன. இயந்திரத்தில் கழற்றினால் ட்யூப் கிழியும் என்பதால் அத்தனையும் கையால்தான். கறுப்பு பெயின்ட் அடித்த ரிம். லீவர் பட்டால் கீறும், கீறினால் அந்த ரிம் குப்பை. நாகராஜு ஆயில் கேன் ஒன்றை எடுத்துக் கத்தியால் பட்டை பட்டையாக நறுக்கினான். அதை ரிம்முக்கும் லீவருக்கும் நடுவே கொடுத்தோம்.

“மச்சினி கையப் புடிக்கற மாதிரி புடி அண்ணா. கீறக் கூடாது” என்றான்.

“எனக்கு மச்சினி இல்லடா.”

“அதான் இந்தப் புடி புடிக்கற.”

தேநீர் இடைவேளையில் ரங்கநாதன் சார் என்னை மட்டும் கூப்பிட்டார். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கையைக் கழுவிக்கொண்டே பேசினார். “மாதப்பா, இந்த லாட் கீறல் இல்லாம, காத்து எறங்காமப் போச்சுன்னா நாகராஜு பேரை எழுதி அனுப்புதேன். மேலயும் பேசிட்டேன். நிரந்தரம் ஆக்கிருவாக.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சார் சிரிக்கவில்லை.

“எடம் இங்க இல்ல. வடக்க புதுசா பிளான்ட் தொறக்காங்கல்லா, அங்க. அவன் மாட்டுனதை நீதான் பாக்கணும். அதான் ஒனக்குச் சொல்லுதேன். அவனுக்கு இப்பம் சொல்லாதே. கை நடுங்கும்.”

நான் பெஞ்சுக்குத் திரும்பினேன். அவன் மாட்டி வைத்திருந்த சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

மாலையில் கடைசித் தள்ளுவண்டி. நாகராஜு மாட்டிய ஒரு சக்கரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். டயரின் பக்கவாட்டில், ரிம்முக்கு ஒட்டினாற்போல ஒரு மெல்லிய வரி சுற்றிலும் ஓடும். ரிம்முக்கும் அந்த வரிக்கும் இடையே உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தச் சக்கரத்தில் ஓர் இடத்தில் ஒரு மயிரிழை குறைந்தது போலத் தெரிந்தது. வெளிச்சமாகவும் இருக்கலாம். விரலை வைத்துச் சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன். ஒதுக்கி வைத்தால் யாரும் கேட்க முடியாது. சோதிப்பவன் சொல்லே கடைசிச் சொல். ஒதுக்கி வைத்தால் அவன் இங்கேயே, எனக்கு எதிரே, சாம்பல் சட்டையில் நின்றுகொண்டிருப்பான். அத்திப்பள்ளியில் ஒரு வீட்டில் இன்னொரு வருடம் தேதி குறிக்க மாட்டார்கள்.

நாகராஜு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். “ஏனு அண்ணா, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்திப் பாக்கற. புடிச்சிருக்கா இல்லியா, சொல்லிடு.”

“காத்தை எறக்கிட்டு மறுபடியும் ஏத்து” என்றேன்.

அவன் காற்றை இறக்கினான். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, சக்கரத்தைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, மறுபடியும் காற்றை ஏற்றினான். ‘டப்’ என்று விளிம்பு உட்கார்ந்தது. வரி சுற்றிலும் ஒன்றாக நின்றது. மழுப்ப ஒன்றும் இல்லை.

வெள்ளைப் புள்ளியை வைத்தேன்.

நீலச் சட்டை வந்த அன்று அவன் அதைக் கவரைப் பிரிக்காமலேயே வீட்டுக்கு எடுத்துப் போனான். கல்யாணத்துக்குப் போய் வந்தேன். அடுத்த சில வாரங்களில் அவன் மனைவியோடு வடக்கே கிளம்பினான். ஓசூர் பஸ் ஸ்டாண்டில், பெங்களூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “ஆய்த்தா அண்ணா?” என்று கேட்டான். நீட்டிய கையைப் பிடித்தேன். பஸ் புறப்பட்டுவிட்டது.

அதன் பிறகு என் எதிரே வேறு ஆட்கள் நின்றார்கள். நல்லவர்கள்தான். அப்புறம் டயர்கள் ட்யூப் இல்லாமல் வர ஆரம்பித்தன. எங்கள் பெஞ்சுக்கு வரும் சக்கரங்கள் குறைந்தன. பிறகு பெஞ்சின் மேல் ஒரு கேமரா வைத்தார்கள். அது படம் எடுத்து, சரி என்றால் பச்சை விளக்கு காட்டும். நன்றாகவே வேலை செய்கிறது, குறை சொல்ல மாட்டேன். விளக்கின் நிறம் பச்சை என்பது மட்டும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டியின் முன் சக்கரத்தைப் பார்ப்பது என் பழக்கம். பச்சைப் புள்ளி இருந்தால் அது நான் மாட்டியது. வெள்ளை இருந்தால் அவன் மாட்டியது. வெள்ளையைத்தான் தேடுவேன். ஒருமுறை பர்கூர் போகும் வழியில், கல் குவாரிக்காரர் ஒருவரின் பழைய வண்டியில் பார்த்தேன். தூசிக்கு அடியில் வெள்ளைப் புள்ளி. அவர் என்னை முறைத்தார். “என்னா பாக்கறீங்க, காத்து எறங்கிடுச்சா?” என்றார். “இல்லீங்க, நல்லா நிக்குது” என்றேன்.

நாகராஜு உகாதிக்கும் தீபாவளிக்கும் போன் செய்வான். “அடுத்த வருசம் கட்டாயம் வரன் அண்ணா” என்பான். இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம், லீவு கிடைக்காதது. பொய் சொல்பவன் இல்லை. ஆனால் வரவில்லை. அவன் அப்பா அம்மாவையும் அங்கேயே கூட்டிக்கொண்ட பிறகு, ஜூஜுவாடிக்கு வருவதற்குக் காரணம் என்று ஒன்று அவனுக்கு மிச்சமில்லாமல் போயிற்று.

இனி டயர். என் வண்டியும் எங்கள் ஆலையில் பிறந்ததுதான். முன் டயரின் நடுப்பகுதி வழவழப்பாகி, தேய்மானத்தைக் காட்டும் சிறு மேடுகள் தரையைத் தொட ஆரம்பித்திருந்தன. மழைக்காலம் வருவதற்குள் மாற்ற வேண்டும். என் மனைவி கமலா, “முக்குல பங்சர் கடை இருக்குது. என்னாத்துக்கு ஊட்டுல போட்டுக் கொடையறீங்க?” என்றாள். டயரில் கையை வைத்து வெகு நாளாயிற்று, அதனால்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

தம்பிகள் கேட்ட முறை இதுதான். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தினால் வண்டி ஆடும். பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்புங்கள். பிரேக் கேபிளையும் மீட்டர் கேபிளையும் கழற்றுங்கள். ஆக்சிலை உருவும்போது ஒரு கையால் சக்கரத்தைத் தாங்குங்கள். ஒரு பக்கம் புஷ் என்னும் சிறிய இரும்பு வளையம் ஒன்று விழும். எந்தப் பக்கம் என்று பார்த்து வையுங்கள். கழற்றிய வரிசையிலேயே ஒரு பழைய துணியில் எல்லாவற்றையும் பரப்பினால் மாட்டும்போது தேட வேண்டாம்.

காற்றை முழுவதும் இறக்குங்கள். டயரின் விளிம்பைச் சுற்றி மிதித்து ரிம்மிலிருந்து விடுவியுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் லீவரைக் கொடுத்துக் கழற்றத் தொடங்குங்கள். எதிர்ப்பக்க விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பலம் எவ்வளவு போட்டாலும் வராது. ரிம்மைக் காக்கப் பிளாஸ்டிக் பட்டை வையுங்கள். நானும் ஒரு கேனை நறுக்கித்தான் வைத்தேன்.

புதிய டயரில் முதலில் அம்பைப் பாருங்கள். பிறகு மஞ்சளைப் பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ட்யூபில் அதன் வடிவம் வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று வைத்து உள்ளே கொடுங்கள். மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசி விளிம்பைத் தள்ளும் முன் வால்வை உள்ளே ஒரு முறை அழுத்தி விடுங்கள். ட்யூப் லீவரில் கடிபடாது.

அந்தக் கடைசி இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். இரண்டு லீவரும் இரண்டு கையில். எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து எழும்பி எழும்பி வந்தது. ஒரு முழங்காலை வைத்தேன், வழுக்கியது. இரண்டையும் வைத்தேன், கை எட்டவில்லை. கமலா துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

“யாரைக் கூப்புடறீங்க?”

“யாரையும் கூப்புடலியே.”

“ஆய்த்தா ஆய்த்தான்னு கேட்டீங்க.”

எனக்குத் தெரியவே இல்லை. பிறகு ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி எதிர்ப்பக்கம் வைத்து, விளிம்பை உள்ளே தள்ளினேன்.

காற்றை ஏற்றினேன். சக்கரத்தைப் பொருத்தும்போது பிரேக் தட்டில் உள்ள பள்ளம், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையில் சரியாக உட்கார வேண்டும். இதை மறந்தால் பிரேக் பிடித்ததும் சக்கரம் இறுகி ஆளைத் தூக்கி எறியும். இன்ஜினுக்கு அடியில் கொடுத்த மரக்கட்டையை எடுத்து, சக்கரத்தை இறக்கி, ஹேண்டில்பாரை அழுத்தி அழுத்தி விட்ட பிறகு ஆக்சில் நட்டை முழுவதும் இறுக்கினேன். பிரேக் சரி பார்த்தேன். எல்லாம் முடிந்தது. குந்தி உட்கார்ந்து, டயரின் வரியை விரலால் தொடப் போனேன். தொடவில்லை. என் சக்கரத்தை நானே பார்க்கக் கூடாது.

நாகராஜுவுக்கு வீடியோ போன் போட்டேன். பண்டிகை இல்லாத நாளில் நான் கூப்பிட்டதால் பதறிப் போனான். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தான். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அதேதான். போனைச் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினேன். அம்பைக் காட்டினேன். வால்வைக் காட்டினேன்.

“பாத்தியா? ஓகே சொல்லு. நான் கடைக்குப் போகணும்.”

அவன் முகம் மாறியது. “போன்ல எப்பிடி அண்ணா ஓகே சொல்றது? ரங்கநாதன் சார் இருந்திருந்தா ரெண்டு பேரையும் ஒதைப்பாரு. நோடு, இங்க பாரு, கை வெச்சுப் பாக்காம நான் சொல்ல மாட்டேன்.”

“அப்ப என்ன பண்றது?”

“புள்ளி இல்லாத சக்கரம் பெஞ்சை உட்டு எறங்காது. வண்டியை எடுக்காத. நான் வர வரைக்கும் அப்பிடியே நிக்கட்டும்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. சொன்ன பிறகு அவனும் எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். பண்டிகைக்கு மட்டும் போன் செய்தவன், இப்போது ஞாயிறு தவறாமல் காலையில் கூப்பிடுகிறான். நலம் விசாரிப்பதில்லை.

“காத்து எறங்குச்சா?”

நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். “நிக்குது.”

“லீவு எழுதிக் குடுத்திருக்கேன். மழை புடிக்கறதுக்குள்ள வரன். எடுத்துடாத.”

கமலாவுக்குக் கோபம். “டயரு மாத்துனது வண்டி ஓட்டவா, பூஜை பண்ணவா? கெழவரு ரெண்டு பேரும் சேந்து ஒரு வண்டியக் கெடுக்கறீங்க. அவரு இந்த வருசமும் வரலன்னா?”

நிற்கட்டும் என்றேன். நான் இப்போது ராயக்கோட்டை சாலையில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முக்கிலுள்ள பங்சர் கடைக்காரரை ஒரு நிமிடம் வரச் சொன்னால் பார்த்துச் சொல்லிவிடுவார், அது எனக்குத் தெரியும். சக்கரத்தில் குறை ஒன்றும் இருக்காது, அதுவும் தெரியும்.

தினமும் காலையில் வண்டியைத் துடைக்கிறேன். வடக்கே போகும்போது நாகராஜு என்னிடம் விட்டுப் போன பச்சைப் பெயின்ட் பேனா காய்ந்து போயிருந்தது. ஹார்டுவேர் கடையில் ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். வால்வுக்குப் பக்கத்தில், ரிம்மின் மேல், ஒரு பொட்டு அளவு இடத்தை மட்டும் எண்ணெய் படாமல் தனியாகத் துடைக்கிறேன். ஈரம் இருந்தால் பெயின்ட் ஒட்டாது.